கேஸ் இல்லாத சின்ன வீட்டில் அடுப்பும் வெந்நீரும்: வேலூருக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வேலூருக்குச் சிகிச்சைக்காக வந்து ஒன்றிரண்டு மாதம் தங்குகிறவர்கள், காட்பாடியில் படிக்க வந்த பிள்ளைகள், வேலை மாற்றலாகி வந்து சத்துவாச்சாரியிலோ பாகாயத்திலோ மாடி போர்ஷன் பிடித்தவர்கள், எல்லோருக்கும் முதல் வாரத்தில் ஒரே சிக்கல்தான். அறை கிடைத்துவிடும், கேஸ் கிடைக்காது. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி தோட்டப்பாளையம், காந்தி ரோடு பக்கம் உள்ள அறைகள் பலவற்றில் சிலிண்டரே வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். தனி போர்ஷன் என்றாலும் முகவரியை மாற்றி இணைப்பு வாங்குவதற்குள் நாள் ஓடிவிடும். ஆக, நோயாளிக்குக் கஞ்சியும் கரண்டில்தான், குளிக்க வெந்நீரும் கரண்டில்தான்.

அடையாள அட்டையை மட்டும் காட்டி, முகவரிச் சான்று இல்லாமல் 5 கிலோ சிலிண்டர் வாங்க முடியும். வீட்டுக்காரர் சம்மதித்தால் அது நல்ல வழி. ஆனால் பெரிய சிலிண்டரிலிருந்து சின்ன ஸ்டவ்வுக்கு கேஸ் மாற்றி ஊற்றித் தருகிறவர்களிடம் போகவே போகாதீர்கள். அது சட்டப்படி குற்றம். வாஷர் கசிந்தால் பத்துக்குப் பத்து அறையில் ஓட இடம் இருக்காது.

நான் இந்த ஊரில் இருபத்தைந்து வருடமாக வயரிங் வேலை பார்க்கிறவன். புதிதாக வருகிறவர்கள் நேராகக் கடைக்குப் போய் அடுப்பையும் கீசரையும் வாங்கி வந்துவிட்டு, எங்கே சொருகுவது என்று பிறகுதான் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். எந்தப் பொருளை வாங்கலாம் என்று முடிவு செய்வது உங்கள் அறையின் சுவர்தான்.

முதல் வேலை: சுவரைப் பாருங்கள்

நம் வீடுகளில் இரண்டு வகை பிளக் பாயிண்ட் உண்டு. சின்னத் துளை உள்ளது 6 ஆம்பியர். செல்போன், டிவி, ஃபேனுக்கு. பெரிய துளை உள்ளது 16 ஆம்பியர். இதைத்தான் பவர் பாயிண்ட் என்கிறோம். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஆம்பியரை வோல்டால் பெருக்கினால் வாட். சின்ன பாயிண்ட் 1380 வாட் வரை தாங்கும், பெரியது 3680 வாட் வரை. இது புத்தகக் கணக்கு. பழைய வீடுகளில் நான் சின்ன பாயிண்டில் 1000 வாட்டுக்கு மேல் போட விடமாட்டேன்.

பெரிய துளை இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். உள்ளே போகிற வயரும் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். பவர் பாயிண்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 3000 வாட் கீசர் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி லைன் போடுவதுதான் எங்கள் வழக்கம். லைட்டுக்குப் போட்ட மெல்லிய வயரிலேயே பெரிய பாயிண்டை மாட்டிவைத்திருக்கும் அறைகளைப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு விடுதியின் மூன்றாவது மாடியில் நடந்ததைச் சொல்கிறேன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மகனின் சிகிச்சைக்காக வந்த அம்மா ஒருவர். அறையில் லைட் எரியவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் கருவாட்டு வாசனை. அந்த அம்மா சொன்னார்: "நாலு நாளா இப்படித்தான் தம்பி, பக்கத்து ரூம்ல கருவாடு வறுக்குறாக போல." பக்கத்து அறை பூட்டிக் கிடந்தது. சின்ன பாயிண்டில் ஒரு கன்வெர்ட்டர் பிளக், அதில் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு. மெயினை அணைத்துவிட்டு பிளக்கை இழுத்தேன், வரவில்லை. திருகித் திருகி எடுத்தபோது பிளாஸ்டிக் கம்பிபோல நீண்டு வந்தது. பித்தளைப் பின் ஒன்று நீலம் பாய்ந்து கறுத்திருந்தது. சுவர்ப் பெட்டிக்குள் வயரின் மேல்தோல் கையால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. பிளக், சுவிட்ச் செய்யும் பிளாஸ்டிக் சூடேறும்போது வருவது இந்த மீன் வாடைதான். நெருப்பு வருவதற்கு முன் வரும் எச்சரிக்கை அது. உங்கள் அறையில் யாரும் மீன் சமைக்காத நேரத்தில் அந்த வாடை வந்தால் முதலில் மெயினை அணையுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

அந்தக் கன்வெர்ட்டர் பிளக், அதாவது பெரிய பின்னைச் சின்னத் துளைக்குள் நுழைக்கும் கட்டை, ஐம்பது நூறு ரூபாய்க்கு எல்லாக் கடையிலும் கிடைக்கும். சூடேற்றும் எந்தப் பொருளுக்கும் அதைப் பயன்படுத்தாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்படித்தான்.

அடுத்தது எர்த். பாயிண்டின் மேல்துளையில் எர்த் வயர் உண்மையிலேயே வருகிறதா என்பதை நீங்களே டெஸ்டரை விட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது. டெஸ்டர் எரியாவிட்டால் எர்த் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். வயரே இல்லாத துளையிலும் டெஸ்டர் எரியாது. வயர்மேன் ஒருவரை அழைத்து டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. அப்படியே மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் கேளுங்கள். 'டெஸ்ட்' என்று எழுதிய சின்ன பட்டன் அதில் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டித்துவிடும். தண்ணீரும் கரண்டும் சேரும் அறையில் உயிரைக் காப்பது இதுதான். கொசப்பேட்டை, சைதாப்பேட்டைப் பழைய வீடுகளில் இன்னும் பீங்கான் ஃபியூஸ் இருக்கும். அடிக்கடி போகிறது என்று யாராவது தடித்த கம்பியைச் சுற்றி வைத்திருந்தால், அந்த ஃபியூஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்கள். பவர் பாயிண்ட் எத்தனை, ஒன்றா இரண்டா? குளியலறையில் கீசருக்கு லைன் இழுத்திருக்கிறதா, சுவரில் துளை போடலாமா? கரண்ட் கட்டணம் ஈ.பி. பில்படியா, சப் மீட்டர்படியா (வீட்டுக்காரர் தன் இணைப்பிலிருந்து போர்ஷனுக்கு வைக்கும் உள் மீட்டர்)? கடைசிக் கேள்விதான் பணக் கேள்வி. தனி மீட்டர் என்றால் அரசு விகிதம். சப் மீட்டர் என்றால் பெரும்பாலும் யூனிட்டுக்கு ஒரே விலை போட்டுவிடுவார்கள், இலவச யூனிட் கணக்கில் வராது. எதுவானாலும் குடிவந்த அன்றே மீட்டரைப் போட்டோ எடுத்து, அவர் போனுக்கு அனுப்பிவையுங்கள். போகும்போது மனஸ்தாபம் இருக்காது.

சமையல்: எதில் எது வேகும்

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் ரைஸ் குக்கர் வாங்குங்கள். நோயாளியோடு வந்திருப்பவர்களுக்கு இதைத்தான் எப்போதும் சொல்வேன். 1 லிட்டர் குக்கர் 400 வாட், 1.8 லிட்டர் 700 வாட் அளவில் வரும். சின்ன பாயிண்டே போதும். சோறு வெந்ததும் தானே 'வார்ம்' நிலைக்குப் போய்விடும், நீங்கள் ஸ்கேன் எடுக்கும் வரிசையில் நின்றாலும் அடிப்பிடிக்காது. கஞ்சி, பருப்புச் சாதம், ரவைக் கஞ்சி, மேலே தட்டு வைத்தால் இட்லி, காய் எல்லாம் ஆகும். கஞ்சிக்கு மட்டும் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், பொங்கி வழிந்து அடியில் உள்ள ஹீட்டர் தட்டில் இறங்கினால் குக்கர் கெட்டுவிடும்.

குழம்பு, பொரியல், தாளிப்பு வேண்டும் என்றால் இண்டக்‌ஷன் அடுப்பு. பவர் பாயிண்ட் கட்டாயம். 1200 வாட்டில் ஆரம்பித்து 2100 வாட் வரை வருகிறது. இருவர் மூவர் உள்ள வீட்டுக்கு 1600 தாராளம். இந்த அடுப்பு தானே சூடாகாது, காந்த அலையால் பாத்திரத்தின் அடியைச் சூடாக்கும். அதனால் காந்தம் ஒட்டுகிற பாத்திரம் மட்டுமே வேலை செய்யும். அலுமினியச் சட்டி, செம்பு, ஈயச் சொம்பு, மண்சட்டி எதுவும் ஆகாது. எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டுவது, ஒட்டாதது என இரண்டும் உண்டு. ஊரிலிருந்து பாத்திரம் கொண்டுவருகிறவர்கள் கிளம்பும் முன் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். லாங் பஜார் பக்கம் புதிதாக வாங்கப் போனால் ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், கடைக்காரர் சொல்வதைவிட அது சரியாகச் சொல்லும். இரும்புத் தோசைக்கல் நன்றாக ஒட்டும். ஆனால் சூடேற்றும் சுருள் கல்லைவிடச் சின்னது. நடுவில் கருகி ஓரம் வேகாமல் வரும். குறைந்த சூட்டில் ஐந்து நிமிடம் கல்லைக் காயவிட்டு, தோசையைச் சின்னதாக ஊற்றுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் எரிகிற இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடியாவது தள்ளி நிற்க வேண்டும். இதய சிகிச்சைக்கு வந்திருப்பவர்கள் இதைத் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இன்ஃப்ராரெட் அடுப்பு. பார்ப்பதற்கு இண்டக்‌ஷன் போலவே இருக்கும், போட்டால் செக்கச் சிவந்து எரியும். அடி தட்டையாக இருந்தால் எந்தப் பாத்திரமும் வைக்கலாம். அப்பளம் சுடலாம். நம்ம ஊர் இலவம்பாடி முள் கத்தரிக்காய் புவிசார் குறியீடு வாங்கியது. அதைச் சுட்டுக் கொத்சு செய்ய ஆசைப்பட்டால், மேலே கம்பி வலை வைத்து இதில் சுட்டுவிடலாம், இண்டக்‌ஷனில் நடக்காது. குறை என்னவென்றால் அணைத்த பிறகும் மேல் கண்ணாடி வெகுநேரம் சுடும். தவழும் குழந்தை இருக்கிற அறையில், அடுப்பைத் தரையில் வைத்துச் சமைக்கும் வீட்டில், நான் இதை வேண்டாம் என்பேன்.

கெட்டில் ஒன்று கூட இருந்தால் நல்லது. ஒன்றரை லிட்டர் தண்ணீரை ஐந்தாறு நிமிடத்தில் கொதிக்கவைக்கும். ஆனால் பெரும்பாலும் 1500 வாட், ஆகவே அதுவும் பவர் பாயிண்டில்தான். பால், நூடுல்ஸ் எதுவும் அதில் போடாதீர்கள்.

வெந்நீர்: வேலூரில் எத்தனை மாதம் தேவை?

வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் மதியம் கை வைக்க முடியாத அளவு சுடும். உடம்பு நன்றாக இருப்பவர்களுக்குக் கார்த்திகையிலிருந்து மாசி வரைதான் வெந்நீர் தேவைப்படும். அதனால் ஒரு பருவத்துக்கு மட்டும் தங்குகிறவர்கள் விலையுயர்ந்த கீசர் வாங்க வேண்டியதில்லை. அறுவை சிகிச்சை முடிந்தவர், வயதானவர், பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் கணக்கு வேறு, வருடம் முழுவதும் வேண்டும்.

மலிவான வழி ஹீட்டர் ராடு. 1000 வாட், 1500 வாட் அளவுகளில் கிடைக்கும். 20 லிட்டர் பக்கெட் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுபோக 1500 வாட் ராடுக்குக் கால் மணி நேரம் ஆகும். செலவு 0.4 யூனிட்டுக்குள். சிக்கனத்தில் ராடைக் குறை சொல்ல முடியாது. ஆபத்தில்தான் குறை. தண்ணீரில் ராடை வைத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். சூடு ஏறிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கத்தால் உயிர் போயிருக்கிறது. இரும்பு, எவர்சில்வர் பக்கெட் கூடாது. பிளாஸ்டிக் பக்கெட்டில் குறுக்கே ஒரு மரக்கட்டை வைத்து அதில் ராடைத் தொங்கவிடுங்கள், பக்கவாட்டில் பட்டால் பிளாஸ்டிக் உருகும். ராடின் மேல் இருக்கும் நீர்மட்டக் குறிக்குக் கீழே தண்ணீர் இறங்கக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 368 என்ற எண்ணும் உள்ள ராடாகப் பார்த்து வாங்குங்கள். சின்னப் பிள்ளைகள் நடமாடும் வீட்டில் ராடு வேண்டாம்.

குழாயிலேயே மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் ஹீட்டர் ஒன்று விற்கிறார்கள். 3000 வாட் இழுக்கும், கை ஈரமாக இருக்கும்போதே தொட வேண்டியிருக்கும். எர்த் சரியில்லாத வாடகை அறையில் நான் அதை மாட்டித் தரமாட்டேன், கேட்டாலும் மறுத்துவிடுவேன்.

இன்ஸ்டன்ட் கீசர் என்பது 1 அல்லது 3 லிட்டர், 3000 வாட். சமையலறைக் குழாய்க்கும், ஆள் மாற்றி ஆள் சீக்கிரம் குளிக்கும் வீட்டுக்கும் சரி. நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டால் தண்ணீர் 21 டிகிரி சூடேறும், 3 லிட்டர் விட்டால் 14 டிகிரிதான். ஆகவே குழாயைப் பாதி திறந்து பக்கெட்டில் பிடித்துக் குளிப்பதுதான் வழி. ஷவரில் நிற்கலாம் என்று வாங்கினால் ஏமாற்றம்.

ஸ்டோரேஜ் கீசர் 10 லிட்டர், 15 லிட்டர், 25 லிட்டர். பெரும்பாலும் 2000 வாட். வருடக்கணக்கில் தங்கப்போகும் மூன்று பேர் வீட்டுக்கு 15 லிட்டர் போதும். ஐ.எஸ். 2082 முத்திரையும் நட்சத்திரக் குறியீடும் பாருங்கள். மாட்டும்போது சேஃப்டி வால்வை மறக்காமல் போடச் சொல்லுங்கள், அது அடைத்துக்கொண்டால் தொட்டி வெடிக்கக்கூடும். நாள் முழுக்க ஆனில் விட்டால் தண்ணீரைத் தொடாமலே தினம் அரை யூனிட் அளவுக்குப் போகும், குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் போட்டால் போதும்.

இங்கே வேலூருக்கென்று ஒரு விஷயம். பாலாறு மணலாகக் கிடக்கும் மாதங்களில் நமக்கு போர் தண்ணீர்தான் துணை. பல தெருக்களில் அது கடும் உப்பு. சூடேறும்போது அந்த உப்பு ராடிலும் கீசர் காயிலிலும் வெள்ளையாகப் படிந்து, தண்ணீருக்குச் சூடு போகவிடாமல் தடுக்கும், காயில் எரிந்துபோகும். கீசர் வெப்பத்தை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள், அதற்கு மேல் படிவு வேகமாக ஏறும். ராடு வெளுத்துவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் தேயுங்கள். சுரண்டாதீர்கள். ஸ்டோரேஜ் கீசருக்குள் மெக்னீசியத் தண்டு ஒன்று இருக்கும், உப்புத் தண்ணீர் தொட்டியை அரிப்பதற்குப் பதில் அது கரையும். போர் தண்ணீர் வீட்டில் வருடம் ஒருமுறை கழற்றிப் பார்த்து மாற்ற வேண்டும். காவிரித் தண்ணீர் வருகிற வீடென்றால் இந்தத் தொல்லை குறைவு.

பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் காலை விட்டுச் சூடு பார்க்கவே கூடாது, கூட இருப்பவர் முழங்கையை நனைத்துப் பார்க்கட்டும்.

பில் எவ்வளவு ஏறும்?

பெரிய 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் வேலையை இண்டக்‌ஷன் அடுப்பு ஏறத்தாழ 130 யூனிட்டில் செய்துவிடும். உங்கள் ஊரில் ஒரு சிலிண்டர் இரண்டு மாதம் வந்ததென்றால், இரண்டு மாத பில்லில் சமையலுக்கு அவ்வளவுதான் கூடும். தினம் இரண்டு பக்கெட் வெந்நீருக்கு இரண்டு மாதத்தில் 50 யூனிட்டுக்குள். 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மீதிக்கு யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் உள்ள சலுகையும் போய்விடும். எனவே ஏசி ஓடும் கோடையில் கீசரையும் நாள் முழுக்க விட்டால் பில் எகிறிவிடும். விகிதங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் அன்றைய கட்டணத்தை மின்வாரிய இணையதளத்தில் பாருங்கள்.

சாயங்காலத்தில் வோல்டேஜ் குறையும் தெருக்கள் உண்டு. 230க்குப் பதில் 200 வோல்ட் வந்தால் ராடும் கீசரும் முக்கால் பங்கு சூடுதான் தரும். பொருள் பழுது என்று கடைக்கு ஓட வேண்டாம். மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலை 9 மணிவாக்கில் கரண்டை நிறுத்துவார்கள், முன்தினம் செய்தித்தாளில் வரும். அன்று எட்டரைக்குள் சமைத்துவிட்டு, வெந்நீரை ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டரில் அடுப்போ கீசரோ ஓடாது.

அறை ஹீட்டர் வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு சமவெளியில் வேண்டாம், ஜன்னலைச் சாத்தி ஒரு கம்பளி போர்த்தினால் மார்கழி கழிந்துவிடும். ஏலகிரி, ஜவ்வாது மலைக்கு மாற்றலாகிப் போகிறவர்களுக்குத் தேவைப்படலாம். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை மெதுவாகச் சூடேறினாலும் மற்றதைவிடப் பாதுகாப்பு. சிவந்து எரியும் ராடு வகையைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் எடுத்துப் போகவே கூடாது, அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் தூக்கத்தில் ஆளைக் கொல்லும்.

எல்லாம் மாட்டிய முதல் நாள்

ஒரு நேரத்தில் சூடேற்றும் பொருள் ஒன்றுதான் ஓட வேண்டும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். 2000 வாட் அடுப்பும் 2000 வாட் கீசரும் சேர்ந்தால் 17 ஆம்பியருக்கு மேல் போகும், 16 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு கூடினால் தானே அணையும் போர்டு சுவிட்ச்) விழக்கூடும். விழுந்தால் அதன் வேலையை அது சரியாகச் செய்கிறது என்று அர்த்தம். பெரிய எம்.சி.பி. மாற்றச் சொல்லாதீர்கள், உள்ளே உள்ள வயர் அதே பழைய வயர்தான்.

பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு, இருபது நிமிடம் ஓடவிட்டு, அணைத்த கையோடு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் பாயிண்டுக்குள் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது பித்தளைப் பிடி விரிந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் சொல்லி அந்த பாயிண்டையே மாற்றுங்கள், நூற்றைம்பது இருநூறு ரூபாய் சாமான். மீட்டர் பக்கமோ தெருக் கம்பத்திலோ கோளாறு என்றால் மின்னகம் எண் 94987 94987, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அந்த ராமநாதபுரத்து அம்மாவின் அறைக்கு மறுநாளே தனி வயர் இழுத்து பவர் பாயிண்ட் போட்டோம். மாலையில் போய்த் தொட்டுப் பார்த்தேன், பிளக் சில்லென்று இருந்தது. இண்டக்‌ஷனில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.